மூன்று பங்கையும் கூட்டியபோது

போன மாதம் ஒரு சர்வேயர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். பெண். வயது இருபத்தைந்து இருக்கும். கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். நான் வேலை பார்த்த அதே செங்கல்பட்டுப் பக்கம்தான் அவருக்கும் வேலை. ஏதோ பழைய புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, ஆள் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். இருக்கிறேன் என்று நேரில் காட்டிக்கொண்டேன்.

காபி குடித்துக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்டார். "சார், ஒரு ஏக்கரை மூணு பேருக்குச் சமமா பிரிச்சா, மெஷின் ஆளுக்கு முப்பத்து மூணு புள்ளி மூணு மூணு சென்ட்னு காட்டுது. மூணையும் கூட்டினா தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்போது ஒம்போதுதான் வருது. மிச்சம் யாருக்கு சார்?"

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இந்தக் கேள்வியை வேறு ஒருவர் வேறு விதமாக என்னிடம் கேட்டு ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததோடு சும்மா இருந்தேனா? தெரிந்த மாதிரி ஒரு குச்சியையும் அடித்துவிட்டு வந்திருந்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "எழுதிக் கொடுங்க சார்" என்றார். எழுதுகிறேன். என் மானம் கொஞ்சம் போகும், போகட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. செயின் இழுத்தோம், கறுத்துப் போனோம், முள் குத்திக்கொண்டோம். செயின் என்றால் அறுபத்தாறு அடி நீள இரும்புச் சங்கிலி. அதில் நூறு கண்ணி. ஒரு கண்ணிக்கு லிங்க் என்று பெயர். ஏறக்குறைய எட்டு அங்குலம். நிலத்தை லிங்க் கணக்கில் அளந்து, பெருக்கி, ஏக்கர் சென்ட்டாக எழுதுவோம். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் செங்கல்பட்டுக்கு மாற்றலாகி வந்தபோது முப்பத்தெட்டு வயது. கணக்கில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைப்பு. அந்த நினைப்போடுதான் தணிகாசலத்திடம் வந்து மாட்டினேன்.

தணிகாசலம் எங்கள் சர்வே இன்ஸ்பெக்டர். என்னைவிட நாலு வயது சின்னவர். அதனால் என்னை 'சம்பந்தம் சார்' என்றுதான் கூப்பிடுவார். அந்த 'சார்' இருக்கிறதே, அதைவிடத் திட்டியிருந்தால் தேவலை. ஒல்லி ஆள். குரலை உயர்த்தி ஒரு நாளும் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்க்க மாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, புலப்படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பென்சில் நுனியால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே வருவார். பங்குகளை மேலிருந்து கீழே ஒரு தடவை கூட்டுவார். அப்புறம் கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டுவார். இரண்டும் ஒத்துப்போனாலும் முகத்தில் ஒரு சந்தோஷமும் தெரியாது. தப்பு இருந்தால் தப்பு என்று சொல்ல மாட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதி, ஃபைல் கயிற்றில் செருகித் திருப்பி அனுப்புவார். பெரும்பாலும் அந்தக் கேள்வி ஒன்றுதான்: 'ஒன்று வருகிறதா?'

ஒரு நிலத்தில் எத்தனை பங்குக்காரர் இருந்தாலும், அரை, கால், ஆறில் ஒன்று என்று எப்படிப் பிரிந்து கிடந்தாலும், எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு முழு நிலம் வரவேண்டும். அதுதான் கேள்வியின் பொருள். ஒருநாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். "ஒன்னுக்கு மேல வந்தா யாரோ அடுத்தவன் நெலத்துல கால வச்சிட்டான்னு அர்த்தம், சம்பந்தம் சார். அத கண்டுபிடிக்கிறது சுலுவு, அடிபட்டவன் கத்துவான். ஒன்னுக்குக் கீழ வந்தாதான் பேஜாரு. கத்தறதுக்கு ஆளே இருக்க மாட்டான்."

அவரிடம் எனக்கு முதல் அடி அச்சரப்பாக்கம் பக்கத்து நிலம் ஒன்றில் விழுந்தது. இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை. அதில் ஒருவருக்கு அப்பா வழியில் ஆறில் ஒரு பங்கு, தம்பியிடம் வாங்கியது நாலில் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதிய குமாஸ்தா மேலே இருந்த ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு, கீழே இருந்த ஆறையும் நாலையும் கூட்டிப் பத்து, ஆக பத்தில் இரண்டு என்று போட்டுவிட்டார். நாற்பத்தெட்டு சென்ட். குமாஸ்தா நான் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நான்தான். நிலத்துக்காரர் வந்து, "இன்னா சார் இது? நாலுல ஒன்னு மட்டும் தனியா எடுத்தாலே அறுவது சென்ட் வருது. ஆறுல ஒன்ன அது கூட சேத்தா எப்டி சார் கொறஞ்சி போவும்?" என்று கேட்டார். உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். நிலத்தைப் பன்னிரண்டு சமத் துண்டாக நினைத்துக்கொண்டால் ஆறில் ஒன்று இரண்டு துண்டு, நாலில் ஒன்று மூன்று துண்டு. மொத்தம் ஐந்து துண்டு. சரியாக ஒரு ஏக்கர். பாதிக்கு மேலே விழுங்கிவிட்டிருந்தோம். தணிகாசலம் அன்றைக்கும் ஒரு வார்த்தை திட்டவில்லை. 'வெவ்வேறு அளவுத் துண்டுகளை எண்ணிக் கூட்டலாமா?' என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

இனி அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன் என்று இருந்தேன். செய்யவில்லைதான். அதைவிடப் பெரிதாக இன்னொன்று செய்தேன்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடலோரமாக ஒரு குப்பம். குப்பத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் இடையில் ஒரு மணல் நிலம், மூன்று ஏக்கர் இருபது சென்ட். வடக்கு தெற்காக எண்ணூறு லிங்க், கிழக்கு மேற்காக நானூறு லிங்க். ஓரம் வளையாத, மூலை கோணாத செவ்வகம். எங்கள் வேலையில் இப்படி ஒரு நிலம் கிடைப்பது லாட்டரி அடித்த மாதிரி. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் மூன்று அண்ணன் தம்பிகள் அதைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வடக்குப் பங்கு, நடுப் பங்கு, தெற்குப் பங்கு. தெற்குப் பங்கைக் கேளம்பாக்கத்துக்காரர் ராமலிங்கம் என்பவர் வாங்கியிருந்தார். சவுக்கு வியாபாரி. சவுக்கு வைத்து வேலி போட வேண்டும், எல்லையைக் காட்டுங்கள் என்று மனு. மற்ற இரண்டு பங்குக்காரர்களும் மதராஸில் இருந்தார்கள். நோட்டீஸ் கொடுத்தும் வரவில்லை.

ராமலிங்கம் காட்டிய மூலப் பத்திரம் பதிவு ஆகாத கைப்பத்திரம். ஊர்க் கணக்குப்பிள்ளை ஒருவர் எழுதியது. நாலு எல்லை எழுதியிருந்த இடத்தைப் பூச்சி அரித்துப் பெரிய ஓட்டை. ஆனால் பங்கின் அளவு தெளிவாக இருந்தது. ஒவ்வொரு தம்பிக்கும் 'கால், ஒரு மா, அரை மா, அரைக்காணி' பங்கு.

இந்தப் பெயர்கள் எனக்குப் புதிது இல்லை. எங்கள் வயதுக்காரர்கள் சின்ன வகுப்பிலேயே கத்திக் கத்தி ஒப்பித்தவைதான். கால் என்றால் நாலில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. அரை மா நாற்பதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று, அதில் பாதியான அரைக்காணி நூற்று அறுபதில் ஒன்று. நாலுக்கும் நாலு விதமான அடி எண். எனக்கோ அவசரம், வெயில் வேறு. நாலையும் புள்ளி வைத்துத் தசமத்தில் போட்டுக் கூட்டினேன். பூஜ்யம் புள்ளி மூன்று மூன்று என்று ஆரம்பித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ஆகா! மூன்று தம்பிகள், ஆளுக்கு மூன்றில் ஒன்று. அதைத்தான் மனுஷர் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். புள்ளி மூன்று மூன்றுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, ஐந்து என்று வால் ஒன்று இருந்தது. அதை நான் மதிக்கவே இல்லை.

எண்ணூறை மூன்றால் வகுத்தால் இருநூற்று அறுபத்தாறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. தெற்குக் கோடியிலிருந்து அந்த அளவுக்கு வடக்கே செயின் பிடித்து, எல்லைக் குச்சியை அடிக்கச் சொன்னேன். குச்சி போய் நின்ற இடம், குப்பத்திலிருந்து பஸ் ரோட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் மேலே.

அப்போது பாதையில் கூடையோடு ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கன்னியம்மா என்று பெயர். குப்பத்திலிருந்து மீன் எடுத்துப் போய்த் திருக்கழுக்குன்றத்திலும் செங்கல்பட்டிலும் விற்கிறவர்.

"இன்னா சாரு, நடு வழியில குச்சி அடிக்கிற? கூடைய தலைல வச்சிகினு நான் பறந்து போவணுமா?"

"எல்லை இங்கதாம்மா வருது. பத்திரத்துல பாதைன்னு எதுவும் இல்ல" என்றேன்.

"பத்திரம் கெடக்குது. எங்க மாமியாரு நடந்த வழி இது. அதுக்கும் முன்ன அதுங்க மாமியாரு நடந்த வழி. பதினாறு பொம்பளைங்க கீறோம், தெனம் இதுலதான் போறோம்."

ராமலிங்கம் கெட்டவர் இல்லை. "எம்மா, நான் காசு குடுத்து வாங்குன எடம்மா. மூணுல ஒன்னு என்னுது. உனுக்கு வழி வுட்டா நாளைக்கு மாடு வரும், கன்னுக்குட்டி வரும், கன்னு வச்ச சவுக்கெல்லாம் போவும். நான் இன்னா பண்றது சொல்லு?" என்று நியாயமாகத்தான் பேசினார். கன்னியம்மா கூடையைச் சரி செய்துகொண்டார். என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குச்சியைத் தாண்டிப் போனார்.

நான் வரைந்த படம் இன்ஸ்பெக்டரிடம் போவதற்குள்ளேயே ராமலிங்கம் முள்கம்பி கட்டிவிட்டார். பாதையின் வட ஓரம் நெடுகச் சப்பாத்திமுள்; கம்பிக்கும் முள்ளுக்கும் நடுவில் கூடையோடு நுழைய முடியாது. நிலத்துக்குத் தெற்கே ஏற்கனவே ஒரு சவுக்குத் தோப்பு வேலி. வடக்கே உப்பங்கழி. ஆக, குப்பத்துப் பெண்கள் பஸ் ரோட்டுக்கு வர ஒன்றரை மைல் புதை மணலில் சுற்ற வேண்டும். முதல் பஸ் போய்விடும். அடுத்த பஸ் வர இரண்டு மணி நேரம். வெயிலில் மீன் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதைக் கன்னியம்மாவே கொண்டுவந்து காட்டினார். ஒருநாள் பதினோரு மணிக்கு எங்கள் ஆபீஸ் வராந்தாவில் கூடையை இறக்கி வைத்தார். உள்ளே டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"குச்சி அடிச்ச சாரு எங்க? வந்து மோந்து பாரு. நாலு நாளா இப்டிதான் கொட்றேன். எம் பொண்ணு புள்ளத்தாச்சியா வூட்ல கீறா. அவள ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போவணும்னாலும் அந்த மணலத்தான் சுத்தி வரணும். இன்னும் ஒரு மாசம்தான் கீது. அப்ப நீ வந்து தூக்கிகினு போறியா?"

தணிகாசலம் உள்ளேயிருந்து வந்தார். கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். வாழைமட்டையை விலக்கி, நிஜமாகவே குனிந்து மோந்து பார்த்தார். அப்புறம் எழுந்து, "ஒரு வாரம் டைம் குடும்மா" என்று சொல்லிவிட்டு, என் ஃபைலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

சாயங்காலம் ஃபைல் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. கயிற்றில் துண்டுக் காகிதம். இந்தத் தடவை இரண்டு கேள்விகள். 'மூன்றில் ஒன்று என்று பத்திரத்தில் எந்த வரியில் இருக்கிறது? மூன்று பங்கையும் கூட்டினீர்களா?'

முதல் கேள்விக்குப் பதில் உடனே தெரிந்தது. எந்த வரியிலும் இல்லை. இரண்டாவதற்கு உட்கார்ந்து கூட்ட ஆரம்பித்தேன். தசமம் வேண்டாம் என்று அதைத் தள்ளிவிட்டு, கணக்குப்பிள்ளை எழுதிய மாதிரியே எடுத்தேன்.

கால், மா, அரை மா, அரைக்காணி. நாலு, இருபது, நாற்பது, நூற்று அறுபது. அச்சரப்பாக்கத்தில் பட்டது நினைவு இருந்தது. துண்டுகள் ஒரே அளவாக இல்லாமல் எண்ணக் கூடாது. நாலுக்கும் பொதுவாக வருகிற அளவு எது? இருக்கிறதிலேயே சின்னதான அரைக்காணி. நிலத்தை நூற்று அறுபது சமக் கீற்றாக மனதில் வெட்டினேன். எண்ணூறு லிங்க்கில் நூற்று அறுபது கீற்று என்றால் ஒரு கீற்று ஐந்து லிங்க் அகலம். கால் என்பது நாற்பது கீற்று. மா என்பது எட்டு. அரை மா நாலு. அரைக்காணி ஒன்று. நாற்பது, நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. ஒரு தம்பிக்கு ஐம்பத்து மூன்று கீற்று.

மூன்று தம்பிக்கும்? நூற்று ஐம்பத்தொன்பது.

கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டினேன். நூற்று ஐம்பத்தொன்பதுதான். ஒன்று வரவில்லை. ஒரு கீற்று எந்தத் தம்பிக்கும் போகாமல் நின்றது. ஐந்து லிங்க் அகலம், அதாவது மூன்றே கால் அடிக்குக் கொஞ்சம் மேலே. நிலத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நீளமாக ஒரு கீற்று. 

பத்திரத்தை மறுபடி எடுத்து, பங்குகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்று வரி வரியாகப் படித்தேன். முதல் பங்கு வடகோடியிலிருந்து தெற்கே. இரண்டாவது அதையொட்டித் தெற்கே. மூன்றாவதும் அதையொட்டி என்றுதானே யாரும் எழுதுவார்கள்? அப்படி இல்லை. 'தென்கோடியிலிருந்து வடக்கே' என்று இருந்தது. மேலேயிருந்து இரண்டு பங்கு, கீழேயிருந்து ஒரு பங்கு. மிச்சக் கீற்று நடுப் பங்குக்கும் தெற்குப் பங்குக்கும் இடையில் போய்த்தான் விழ வேண்டும். வேறு எங்கும் விழ வழியில்லை.

மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே தணிகாசலத்தின் மேஜைக்கு முன்னால் நின்றேன். அவர் என் கணக்கைப் பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். கண் பெரிதாகிவிட்டது.

"மூணால வகுக்க முடியாது சார் இந்த எண்ண. மா, காணியெல்லாம் ரெண்டாலயும் அஞ்சாலயும் வெட்டி வெட்டி வந்தது. எவ்ளோ பொடியா வெட்டினாலும் மூணு பேருக்குத் தீராது. ஏதோ ஒன்னு மிஞ்சிகினேதான் இருக்கும். அதனால தப்பு வந்திருக்குமோ?" என்று கேட்டேன்.

"அரைக்காணிக்குக் கீழ, அதுல பாதியா முந்திரி இருக்கு. அதுக்கும் கீழ கீழ்வாய் அளவெல்லாம் இருக்கு. மனுஷன் இன்னும் நாலு படி எறங்கி எழுதியிருந்தா, மிஞ்சறது ஒரு விரல் அகலம்கூட வராது" என்றார் தணிகாசலம். "எழுதத் தெரிஞ்ச ஆளுதான். இங்கயே நிறுத்திட்டாரு. தப்போ, தெரிஞ்சு செஞ்சதோ, உக்காந்து பேசினா வெளங்காது. செயின் எடுங்க. நானும் வரேன்."

அன்றைக்குச் செயினைச் சரிபார்த்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் சரிபார்த்ததில்லை. இழுத்து இழுத்து இரும்புக் கண்ணி நீண்டு போகும். ஐந்து லிங்க்குக்காகப் போகிறோம், செயினே ஒரு லிங்க் பொய் சொன்னால் என்ன ஆவது? ஆபீஸ் வாசலில் சரியாக அறுபத்தாறு அடிக்கு இரண்டு கல் பதித்திருப்போம். அதற்கு நடுவில் செயினைக் கிடத்தி, நீண்டிருந்த மூன்று வளையத்தைத் தட்டிச் சரி செய்துகொண்டு பஸ் ஏறினோம்.

நிலத்தில் ராமலிங்கம் காத்திருந்தார். கன்னியம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வேலிக்கு அந்தப் பக்கம் கூடையோடு நின்றார்கள். பழைய மூலைக் கல் நாலையும் மணலைத் தோண்டிக் கண்டுபிடித்தோம். தணிகாசலம் ஒரு நிபந்தனை சொன்னார். நான் வடக்கிலிருந்து அளக்க வேண்டும், அவர் தெற்கிலிருந்து அளப்பார். பாதை எங்கே இருக்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கக் கூடாது. எதிர்க் கோடியில் நட்ட கொடிக்கம்பை மட்டும் பார்த்து வர வேண்டும்.

ஐம்பத்து மூன்று கீற்று, ஐந்து லிங்க். இருநூற்று அறுபத்தைந்து லிங்க். முதல் குச்சி. இன்னொரு இருநூற்று அறுபத்தைந்து. என் செயின்மேன் செயினை இறுக்கிப் பிடித்தார். நான் தொங்கல் இல்லாமல் தரையோடு பார்த்து, குச்சியைக் குத்தினேன். குனிந்தபடியே தலையைத் திருப்பினால், தணிகாசலத்தின் வேட்டி நுனி தெரிகிறது. அவரும் தெற்கிலிருந்து இருநூற்று அறுபத்தைந்து முடித்துத் தன் குச்சியைக் குத்திக்கொண்டிருந்தார். இரண்டு குச்சிக்கும் நடுவில் செயினைப் போட்டோம். ஐந்து லிங்க்.

அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். என் குச்சி நின்ற இடத்துக்கு வடக்கே அருகம்புல். அவர் குச்சி நின்ற இடத்துக்குத் தெற்கே அருகம்புல். நடுவில் ஒரு புல் இல்லை. வெறும் காலால் மிதித்து மிதித்து சிமென்ட் போட்ட மாதிரி இறுகிப் போன வெள்ளை மண். அந்த ஐந்து லிங்க்கும் பாதை. ஒரு சாண் இந்தப் பக்கம் இல்லை, ஒரு சாண் அந்தப் பக்கம் இல்லை. என்னுடைய பழைய குச்சியும் முள்கம்பியும் அதற்குள்ளேயே நின்றன.

யாரோ ஒரு கணக்குப்பிள்ளை காகிதத்தில் விட்ட மிச்சமும், எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இத்தனை வருஷமாக நடந்த தடமும் ஒரே இடத்தில் ஒரே அகலத்தில் கிடக்கின்றன! அவர்கள் நடப்பதைப் பார்த்து அவர் அந்த அளவை விட்டாரா, அவர் விட்டதில் இவர்கள் நடந்தார்களா? எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடி துடைத்தார்.

ராமலிங்கம் வந்து குனிந்து பார்த்தார். முதலில் அவருக்குக் கோபம்தான். "எனுக்கு எவ்ளோ கொறையுது சார்?" என்று கேட்டார். ஒன்றே முக்கால் லிங்க்குக்கும் குறைவு, பதின்மூன்று அங்குலம் என்றேன். அவர் புல் ஓரத்தில் கையை வைத்து, இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சி வரைக்கும் சாண் போட்டுக்கொண்டே போனார். பிறகு நிமிர்ந்து வாயில் கையை வைத்துக்கொண்டார். "அடேங்கப்பா! பதிமூணு அங்குலத்துக்கா நான் இத்தினி பேரையும் மணல்ல சுத்த வுட்டேன்?" என்றார். கொறடு கொண்டுவரச் சொல்லி, முள்கம்பியைத் தானே வெட்டத் தொடங்கினார். நான் செய்த தப்புக்கு அவர் கையில் ரத்தம் வந்தது. "ஐயா, மன்னிச்சுக்குங்க. கணக்கு என்னுது" என்று சொல்லிவிட்டு, நானும் ஒரு பக்கம் கம்பியைச் சுருட்டினேன்.

அந்தக் கீற்றைத் தனி உட்பிரிவாக்கி, 'பத்திரப்படி எவர் பங்கிலும் சேராதது, அனுபவத்தில் நடைபாதை' என்று எழுதி மேலே அனுப்பினோம். தாசில்தார் மூன்றே வாரத்தில் விசாரித்து, மதராஸ்காரர்களிடமும் எழுதி வாங்கி, அப்படியே உத்தரவு போட்டார். பிறகு நிரந்தரக் கல் நடுவதற்கு ஒருநாள் விடியற்காலையிலேயே போனேன். நானே கேட்டு வாங்கிக்கொண்டு போன வேலை அது. தணிகாசலம் அனுப்பும்போது கேள்வி எதுவும் கேட்கவில்லை. கையை மட்டும் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

கல் நட்டு மண்ணைக் கெட்டித்துக்கொண்டிருந்தபோது குப்பத்துப் பக்கமிருந்து வரிசையாகக் கூடைகள் வந்தன. முன்னால் கன்னியம்மா. பின்னால் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண், அவருடைய மகளாகத்தான் இருக்க வேண்டும். நான் இரண்டு கல்லுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஆர்வத்தோடு சொன்னேன்.

"பாரும்மா, இது யார் பங்கும் இல்ல. இனிமே பாதைதான். கல்லு நட்டாச்சு."

கன்னியம்மா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எவ்ளோ சாரு எங்களுக்கு?"

"நூத்தி அறுவதுல ஒன்னு."

நூற்று அறுபது என்பதை அவர் ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். தலைக் கூடையை ஒரு கையால் நிமிர்த்தி, இரண்டு கல்லுக்கும் நடுவில் தன் அகலத்தைக் கண்ணால் அளந்தார்.

"போதும் சாரு" என்றார். "நீ கொஞ்சம் நவுரு, பஸ்சு வந்துகினு கீது."